மேலே மிதக்கும் ஈயா, கீழே நீந்தும் ஈயா? – ஓர் ஆற்றங்கரைச் சண்டையின் வரலாறு

மீன் பிடிப்பதில் என்ன பெரிய சட்டதிட்டம் வேண்டிக் கிடக்கிறது? முள்ளில் புழுவைக் கோர்த்துத் தண்ணீரில் போட வேண்டும், தக்கை அசைந்தால் இழுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் இங்கிலாந்தில், தூண்டிலில் கட்டிய ஒரு பூச்சி தண்ணீருக்கு மேலே மிதக்க வேண்டுமா, ஓர் அங்குலம் கீழே மூழ்கலாமா என்ற கேள்விக்காகப் படித்தவர்களும் பணக்காரர்களும் ஐம்பது வருடம் சண்டை போட்டார்கள். புத்தகம் எழுதினார்கள். பட்டிமன்றம் நடத்தினார்கள். கடைசியில் எண்பது வயதை நெருங்கிய ஒரு மனிதர், தான் 55 வருடம் மீன் பிடித்த ஆற்றை விட்டே போனார்.

கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தச் சண்டைக்குள் மீனைத் தாண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நன்றாகக் கவனித்துப் பார்த்ததால் பிறந்த ஒரு விதி, பிறகு யாரும் கவனித்துப் பார்க்கவே கூடாது என்று தடுக்கும் சுவராக எப்படி மாறுகிறது என்பதுதான் அது.

முதலில் ஆறு, பூச்சி, மீன்

இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயர் என்ற மாவட்டத்தில் டெஸ்ட், இட்சன் என்று இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. இவை சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் ஊற்று நீரால் ஓடுபவை. மழை பெய்தால் அந்த நீர் நேராக ஆற்றில் விழுவதில்லை. பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, மாதக்கணக்கில் மெதுவாக ஊறி வெளியே வருகிறது. அதனால் வெள்ளம் குறைவு, கலங்கல் குறைவு. கோடையில் ரொம்பச் சூடாவதும் இல்லை, குளிரில் ரொம்பச் சில்லிடுவதும் இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் ஆடும் பாசி தெரியும், அதன் நடுவே நிற்கும் ட்ரவுட் மீனும் தெரியும். உங்களுக்கு மீன் தெரிகிறது என்றால் மீனுக்கும் நீங்கள் தெரிவீர்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்!

இந்த ஆறுகளில் மேஃப்ளை என்ற பூச்சி இனம் ஏராளம். நம்மூரில் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றி வந்து, காலையில் சிறகு உதிர்ந்து கிடக்கும் ஈசலை நினைத்துக் கொள்ளுங்கள். ஈசல் கறையான் இனம், மேஃப்ளை வேறு இனம். ஆனால் வாழ்க்கைக் கதை கிட்டத்தட்ட அதே சோகம்தான். இந்த வகைப் பூச்சிகளுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே "ஒரு நாள் வாழ்வது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இந்தக் குடும்பத்தில் பெரிய வகையின் இளம்பூச்சி (இதை நிம்ஃப் என்பார்கள்) ஆற்றின் அடிச் சேற்றில் சுமார் இரண்டு வருடம் வாழ்கிறது. மே மாதக் கடைசியில் ஒரு நாள் மேலே நீந்தி வருகிறது. நீரின் மேற்பரப்பில் அதன் தோல் வெடிக்கிறது. உள்ளேயிருந்து சிறகு முளைத்த பூச்சி வெளியே வந்து, சில நொடிகள் பாய்மரப் படகு மாதிரி நீரில் மிதந்து, கரைக்குப் பறக்கிறது. அங்கே இன்னொரு முறை தோலுரிக்கிறது. சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அதன் பிறகு அது சாப்பிடுவதே இல்லை, சாப்பிடுவதற்கான வாயே அதற்குக் கிடையாது. கூடுகிறது, நீரில் முட்டையிடுகிறது, அதே நீரில் செத்து விழுகிறது.

ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் இப்படிக் கிளம்புவதைத்தான் "ஹேட்ச்" என்கிறார்கள். வசந்த காலத்தில் ஏப்ரல் தொடங்கி சிறிய பூச்சி வகைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். மே கடைசியில் பெரிய வகை வரும்போது ட்ரவுட் மீன்களுக்குக் கல்யாண விருந்துதான். சந்தேகப் பிராணியான பெரிய மீன்கூட பயத்தை மறந்து மேலே வந்து வாயைத் திறக்கும். அந்தச் சமயத்துக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் "கத்துக்குட்டிகளின் இரண்டு வாரம்". எவன் தூண்டில் போட்டாலும் மீன் மாட்டும் என்று அர்த்தம்!

நூலும் இறகும்

ஈ ஒரு கிராம் எடைகூட இல்லாதது. அதை முள்ளில் கோர்த்தால் நசுங்கிப் போகும். அதனால் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி ஈ மாதிரி செய்வது பழைய யோசனை. எவ்வளவு பழையது? கி.பி. 200 வாக்கில் ரோமில் வாழ்ந்த ஈலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் புள்ளி போட்ட மீன்களை இப்படிப் பிடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். உண்மையான ஈயைக் கையால் தொட்டால் நிறம் போய்விடுகிறது என்பதால், முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு இறகுகளைக் கட்டுகிறார்கள் என்கிறார். கம்பு ஆறடி, நூலும் ஆறடி. கணக்கைக்கூட விடவில்லை மனிதர்.

இங்கிலாந்தில் 1496-ல் அச்சான ஒரு தூண்டில் நூல், எந்த மாதத்துக்கு எந்த ஈ என்று 12 ஈக்களைப் பட்டியல் போடுகிறது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் புத்தகம் 1653-ல் வந்தது. 1676 பதிப்பில் அவர் நண்பர் சார்லஸ் காட்டன் ஈ மீன்பிடியைப் பற்றித் தனிப்பகுதி சேர்த்தார். எந்தக் காலத்தில் எந்தப் பூச்சி என்பதுதான் இதன் அடிப்படை என்று அப்போதே தெரிந்திருந்தது.

ஆனால் இதை ஆராய்ச்சியாக மாற்றியவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். இவர் பிளைத் என்ற ஆற்றின் கரையில் ஒரு சிறு குடில் கட்டி, உள்ளே மறைந்து உட்கார்ந்து ட்ரவுட்டை நாள் கணக்கில் பார்த்தார். மீனுக்குக் காது கேட்குமா என்று பார்க்கக் குடிலுக்குப் பின்னால் துப்பாக்கி வெடிக்கச் செய்தார். மீன் அசையவில்லை. ருசி தெரியுமா என்று பார்க்கச் செத்த ஈக்களில் மிளகாய்த்தூளும் கடுகும் தடவிப் போட்டார். மீன் அதையும் தின்றது! ஒளி தண்ணீரில் வளைவதால் கரையில் குனிந்து நிற்பவனும் மீனுக்கு எப்படித் தெரிகிறான் என்று படம் போட்டு விளக்கினார். 1836-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒவ்வொரு பூச்சிக்கும் அறிவியல் பெயர், பக்கத்திலேயே அதன் செயற்கை ஈ. கேள்விப்பட்டதை எழுதாமல் பார்த்ததை எழுதியவர் என்பதால்தான் இவர் முக்கியம்.

விதி பிறந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் பாதி வரை செயற்கை ஈ பெரும்பாலும் தண்ணீருக்குள் மூழ்கித்தான் போகும். டெஸ்ட், இட்சன் மாதிரித் தெளிந்த ஆற்றில் அது எடுபடவில்லை. மீன் மேலே மிதக்கும் பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும்போது, இறகை விறைப்பாகச் சுற்றி ஈயை மிதக்க விட்டால் நல்ல பலன் கிடைத்தது. வீசும்போது ஈயைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டி ஈரத்தை உதறினால் மறுபடி மிதந்தது. இதைத்தான் உலர்ந்த ஈ, அதாவது "ட்ரை ஃப்ளை" என்றார்கள்.

இதற்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அதுவரை முள்ளில் துளை கிடையாது. நரம்பை முள்ளோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நரம்பு நைந்தால் நல்ல ஈயும் வீண். 1870-களின் கடைசியில், ஊசிக்கு இருப்பது போலக் காது வைத்த மெல்லிய முள்ளை ஈ கட்டுவதற்கு ஏற்ற வகையில் உருவாக்கியதில் முக்கியப் பங்கு எச்.எஸ். ஹாலுக்கு உண்டு. எந்த ஹால்? இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைத் தூங்கவிடாமல் செய்த "ஹால் அண்ட் நைட்" அல்ஜீப்ரா புத்தகத்தின் அதே ஹால்தான்!

இந்த நேரத்தில்தான் ஃபிரெடெரிக் ஹால்ஃபர்டு வருகிறார். 1844-ல் பிறந்தவர், வசதியான வியாபாரக் குடும்பம். 1879-ல் வின்செஸ்டர் ஊரில் ஒரு தூண்டில் கடையில் ஜார்ஜ் மாரியட் என்பவரைச் சந்தித்தார். மாரியட் அந்தக் காலத்தின் தலைசிறந்த தூண்டில்காரர் என்று பேர் எடுத்தவர். இருவரும் சேர்ந்து ஆற்றுப் பூச்சிகளைப் பிடித்து, நிறம் பார்த்து, அளவு பார்த்து, அதே மாதிரி ஈக்களைக் கட்டினார்கள். 1886-ல் ஹால்ஃபர்டின் முதல் புத்தகம் 90 வகை மிதக்கும் ஈக்களோடு வந்தது. உடன் உழைத்த மாரியட், தன் பெயரை அட்டையில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1889-ல் இரண்டாவது புத்தகம். அதே ஆண்டில் ஹால்ஃபர்டு 45 வயதில் வியாபாரத்தை விட்டுவிட்டு முழுநேரமும் ஆற்றங்கரைக்கு வந்தார்.

அவர் சொன்ன முறை சுருக்கமாக இதுதான். சும்மா ஆற்றில் வீசிக்கொண்டே போகக் கூடாது. மேலே வந்து பூச்சி தின்னும் ஒரு மீனை முதலில் பார்க்க வேண்டும். அது எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதே பூச்சி மாதிரி ஈயைக் கட்டி, மீனுக்குப் பின்னாலிருந்து, ஓட்டத்துக்கு எதிராக வீசி, இயற்கையாக மிதந்து வரச் செய்ய வேண்டும். அழகான முறை. பொறுமையும் கண்ணும் அறிவும் தேவைப்படும் முறை. அதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால் பிரச்சினை எங்கே? இது "நல்ல முறை" என்பதிலிருந்து "ஒரே முறை" ஆனதுதான் பிரச்சினை. இங்கிலாந்தில் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை பொதுவாகக் கரை நிலத்தோடு சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் போய்த் தூண்டில் போட முடியாது. சொந்தக்காரர் அல்லது குத்தகைக்கு எடுத்த சங்கம் வைப்பதுதான் சட்டம். டெஸ்ட் ஆற்றில் 1822-ல் தொடங்கிய ஹௌட்டன் கிளப் மாதிரிச் சங்கங்களில் உறுப்பினர்கள் மிகச் சிலர். இப்படி ஆறு சிலர் கையில் இருக்கும்போது, அவர்களுடைய ரசனை மற்றவர்களுக்கு விதி ஆகிவிடுகிறது. மூழ்கும் ஈயைப் போடுவது முறைகேடு, கௌரவமானவன் செய்கிற வேலை இல்லை என்ற நிலை வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஹால்ஃபர்டும் மாரியட்டும் அறுத்துப் பார்த்தார்கள். 1889 புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு. ட்ரவுட் நீருக்குள்ளேயே நிம்ஃப்களை ஏராளமாகத் தின்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நிம்ஃப் மாதிரி செய்தும் பார்த்தார்கள். ஆனால் உயிருள்ள நிம்ஃபின் அசைவை நூலாலும் இறகாலும் கொண்டுவர முடியாது என்று கைவிட்டார்கள். "எங்களால் முடியவில்லை" என்பது காலப்போக்கில் "முடியாது" ஆகி, பிறகு "கூடாது" ஆகிவிட்டது.

வக்கீலும் வெள்ளைத் தட்டும்

ஸ்கியூஸ் என்பவர் லண்டனில் வழக்கறிஞர். 1858-ல் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1883 முதல் வின்செஸ்டருக்குப் பக்கத்தில் இட்சன் ஆற்றின் அபட்ஸ் பார்ட்டன் பகுதியில் மீன் பிடித்து வந்தார். ஆரம்பத்தில் அவரும் ஹால்ஃபர்டின் சீடர்தான். 1890-களில் ஒரு நாள், கடையில் வாங்கிய அவருடைய ஈ சரியாக மிதக்காமல் மூழ்கிப் போனது. அதுவரை மிதக்கும் ஈயைத் திரும்பிக்கூடப் பார்க்காத மீன், மூழ்கியதை வந்து கவ்வியது.

மற்றவர்களாக இருந்தால் "மோசமான ஈ, தற்செயலாக மாட்டியது" என்று விட்டிருப்பார்கள். ஸ்கியூஸ் வக்கீல் ஆயிற்றே, சாட்சி தேடினார். மேற்பரப்பில் வளையம் எழுகிறது என்பதற்காக மீன் மேலே மிதப்பதைத்தான் தின்கிறது என்று அர்த்தமா? மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தோலுரிக்க வரும் நிம்ஃபைப் பிடிக்கும்போதும் அதே வளையம் எழுமே! பிற்காலத்தில் அவர் பிடித்த மீனின் தொண்டைக்குள் ஒரு நீண்ட மெல்லிய கரண்டியை விட்டு இரைப்பையில் இருப்பதை எடுப்பார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை நோண்டித் தின்ன வெள்ளைக்காரர் வீடுகளில் வைத்திருக்கும் கரண்டி அது. எடுத்ததை வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கலைத்துப் பார்ப்பார். மிதக்கும் பூச்சியைத் தின்பது போலத் தோன்றிய மீன்களின் வயிற்றில் பல நேரம் இருந்தது நிம்ஃப்கள்தான்.

1910-ல் அவருடைய முதல் புத்தகம் வந்தது. தலைப்பிலேயே இதைச் "சிறு உத்திகள்" என்றுதான் சொன்னார். மிதக்கும் ஈயை ஒழிக்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மீன் மேலே தின்றால் மேலே போடுங்கள், கீழே தின்றால் கீழே போடுங்கள் என்பதுதான் வாதம். அதே 1910-ல் ஹால்ஃபர்டும் ஒரு புத்தகம் போட்டார். 90 வகை ஈக்கள் அதில் 33 ஆகக் குறைந்தன. ஆனால் எல்லாமே மிதப்பவைதான்!

ஹால்ஃபர்டு 1914-ல் காலமானார். சண்டை அவரோடு போகவில்லை. குரு விட்டுச் சென்ற சந்தேகங்களைச் சீடர்கள் எடுத்துக்கொள்வதில்லை, முடிவுகளை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எல்லாத் துறையிலும் நடப்பதுதானே. ஸ்கியூஸ் 1921-ல் அடுத்த புத்தகம் எழுதினார். மீனின் கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று அலசிய புத்தகம் அது. எதிர்ப்பு மட்டும் குறையவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டனில் உள்ள ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் நிம்ஃப் பற்றி விவாதம் நடந்தது. 79 வயது ஸ்கியூஸ் பக்கம் நின்றவர்கள் மிகக் குறைவு. அபட்ஸ் பார்ட்டனிலும் உடன் மீன் பிடித்தவர்களோடு இதே விஷயத்தில் உரசல். அந்த ஆண்டோடு 55 வருட ஆற்றை விட்டு விலகினார்.

ஆனால் வாயை மூடவில்லை. 1939-ல், 80 வயதில், நிம்ஃப் மீன்பிடி பற்றித் தன் கடைசி வாதத்தைத் தனிப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். 1949-ல், 91-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு காலமானார்.

தீர்ப்பு சொன்னது யார்?

ஹால்ஃபர்டின் முறை ஹாம்ப்ஷயருக்கு வெளியே போனபோதே அதன் எல்லை தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைப் பகுதியில் வாழ்ந்த தியோடர் கோர்டன் என்பவர் ஹால்ஃபர்டுக்குக் கடிதம் எழுத, அவர் 1890-ல் தன் ஈக்களை அனுப்பி வைத்தார். கோர்டன் பார்த்தார். தன் ஆற்றின் பூச்சிகள் வேறு, ஆற்றின் வேகமும் வேறு. ஹால்ஃபர்டின் ஈக்களை அப்படியே நகல் எடுக்காமல், தன் ஆற்றில் ஏப்ரலில் கிளம்பும் பூச்சிகளைப் பார்த்துத் தன் ஈக்களைக் கட்டினார். ஒரு வகையில் பார்த்தால் ஹால்ஃபர்டுக்கு உண்மையான சீடர் அவர்தான். குருவின் பட்டியலை விட்டுவிட்டுக் குருவின் பழக்கத்தை எடுத்துக்கொண்டாரே!

நிம்ஃபுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தவர் ஃபிராங்க் சாயர். இவர் வக்கீலும் இல்லை, முதலாளியும் இல்லை. ஏவன் ஆற்றின் மேற்பகுதியில் ஆற்றுக் காவலர் வேலை பார்த்தவர். அவர் தினமும் பார்த்தது நீருக்கு அடியில் நடப்பதை. நீந்தும் நிம்ஃப் கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறது என்று கவனித்து, தன் ஈயில் காலுக்காக இறகு வைப்பதையே விட்டுவிட்டார். நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகைச் சுற்றினார். கம்பியின் எடையில் ஈ தானே மூழ்கும். மீன் நெருங்கும்போது கம்பை லேசாக உயர்த்தினால் ஈ மேலே எழும். ஹால்ஃபர்டும் மாரியட்டும் கொண்டுவர முடியாது என்று கைவிட்ட அதே அசைவு! அவருடைய புத்தகம் 1958-ல் வந்தது. அந்த ஈ இன்று ட்ரவுட் உள்ள நாடுகளில் எல்லாம் விற்கிறது. சாயரை எழுதத் தூண்டி உற்சாகப்படுத்தியவர்களில் வயதான ஸ்கியூஸும் ஒருவர் என்பது மனதுக்கு நிறைவான செய்தி.

இன்றும் ஹாம்ப்ஷயரில் சில இடங்களில் சீசனின் முதல் பாதியில் மிதக்கும் ஈ மட்டும்தான், ஜூலையிலிருந்துதான் நிம்ஃப் என்ற விதி இருக்கிறது. அதில் தவறில்லை. விளையாட்டுக்கு விதி வேண்டும். "நாங்கள் இப்படி விளையாடுகிறோம்" என்று சொல்வது வேறு, "இயற்கையே இப்படித்தான்" என்று சொல்வது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் அந்த ஐம்பது வருடச் சண்டை.

இப்போது கவலை வேறு. இங்கிலாந்தின் ஆறுகளில் கழிவுநீர் கலக்கிறது, சுண்ணாம்புப் பாறையின் ஊற்று நீரைக் குடிநீருக்காக உறிஞ்சுகிறார்கள். நாய், பூனை மேல் உண்ணிக்குத் தடவும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி, 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் 98 சதவீதத்தில் இருந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பூச்சி மேலே மிதந்தால் என்ன, கீழே நீந்தினால் என்ன, பூச்சியே இல்லாமல் போனால்?

இதை முதலில் உணர்ந்தவர்களில் தூண்டில்காரர்களும் இருந்தார்கள். இன்று அவர்களில் பலர் மாதந்தோறும் ஆற்றில் இறங்கி, அடிமணலைக் காலால் கிளறி, வலையில் விழும் நிம்ஃப்களை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணுகிறார்கள். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் அதிகாரிகளுக்குத் தகவல் போகிறது. ஸ்கியூஸின் தட்டு இன்னும் பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.